ஏழு மணிக்குள்

காலை ஏழு மணிக்கு, பார்சல்கள் வாசலில் இருந்தாக வேண்டிய நேரத்தில், அந்தச் செய்தியை இணையத்தில் ஏற்றினார்கள்.

சங்வூக் அந்த ஏழு மணிக்காகப் பார்சல் தூக்கி ஓடியவன். சியோல் நகரின் மேட்டுத்தெருவில், லிஃப்ட் இல்லாத குடியிருப்பின் படிக்கட்டில் மாரடைத்து இறந்தான். ஆள் மந்தம், கடைசியில் பதறி ஓடியிருக்கிறான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அப்படியில்லை என்பதைப் படிப்பவர்களே கண்டுகொள்வார்கள் என்று அவன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள் நிருபர் கியோங்ஹா.

அதற்காகத்தான் செய்தியோடு ஒரு விளையாட்டும் வைத்திருந்தார்கள். வாசகர் சங்வூக்கின் வண்டியை எடுக்க வேண்டும். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று திரையைத் தொட்டுச் சொல்ல வேண்டும். எப்படிப் போனாலும் ஏழு தாண்டிவிடும். அதன்பிறகு அவன் கதை விரியும்.

மதியம் கணக்கு வந்தது. வேறெந்தச் செய்தியிலும் வாசகர்கள் இவ்வளவு நேரம் தங்கியதில்லை. ஆனால் பெரும்பாலோர் தோற்றதும் மறுபடி ஆடினார்கள், அலுத்ததும் போய்விட்டார்கள். கதைப் பக்கம் வந்தவர் சொற்பம். மாடி வீடுகளை முதலில் முடித்திருந்தால் பிழைத்திருப்பான் என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். அதற்கு ஏகப்பட்ட விருப்பக்குறிகள்.

"நானே செஞ்சது, நானே இன்னும் ஜெயிக்கல. இவரு ஜெயிச்சிருவாராம்" என்றான் விளையாட்டை வடிவமைத்த சோக்வோன். "வந்து ஒரு மூட்டை தூக்கச் சொல்லுங்கக்கா."

பிரிவுத் தலைவர் சிரிக்கவில்லை. ஜெயிக்க ஒரே ஒரு வழி வைக்கலாம் என்றார். ஜெயித்தவன் கதையைப் படிப்பான், நாலு பேருக்கு அனுப்புவான்.

அப்படி வைத்தால் சங்வூக் பிழைத்திருக்கலாம் என்று நாமே சொன்னதாகிவிடும் என்றாள் கியோங்ஹா.

"படிக்காமலே போறவன்கிட்ட உண்மையை வச்சு என்னம்மா பண்றது?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லச் சொன்னார்.

முடியாது என்று சொல்ல அவள் எழுந்தபோது கைப்பேசி அடித்தது. சங்வூக்கின் அம்மா. அந்தப் பின்னூட்டத்தைப் பார்த்திருப்பாள் என்று நினைத்தாள் கியோங்ஹா.

அவள் பார்த்திருக்கவில்லை. கதைவரைக்கும் போகவே இல்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறிவகைகள் விற்கும் தன் கடையை இன்று திறக்காமல், காலையிலிருந்து விளையாட்டில் அந்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். வண்டி திரும்புவது அப்படியே அவன் ஓட்டுகிற மாதிரி இருக்கிறதாம். ஒருமுறை படிக்கட்டடியில் அவனைக் கொஞ்சம் நிற்கவைத்துப் பார்த்தாளாம், மூச்சு வாங்கட்டும் என்று. அதில் நேரம் ஓடிப்போயிற்றாம்.

கியோங்ஹா கண்ணாடிக்கு அப்பால் இருந்த பிரிவுத் தலைவரைப் பார்த்தாள்.

"எப்படிப் போனாலும் ஏழு தாண்டிருதும்மா" என்றாள் சங்வூக்கின் அம்மா. "செஞ்சவங்க நீங்க, உங்களுக்குத் தெரியும்ல. எந்த வீட்டுக்கு முதல்ல போனா அவன் வந்துருவான்?"