வாரத்துக்கு ஐந்து கதவு

ஊன்றுகோலைக் காரிலேயே மறந்துவிட்டு ஜெயகுமாரி ஓடினாள். வலது கால் ஓடியது. இடது கால் பின்னாலேயே இழுபட்டது. மணி நாலு நாற்பது. ஐந்து மணிக்கு அந்த முதியோர் இல்லத்தின் ஆபீஸ் மூடிவிடும். ஃப்ரிஸ்கோ மாதிரி அமெரிக்க ஊரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எவனும் ஒரு நிமிஷம் கூடுதலாக உட்கார மாட்டான்.

வாரத்துக்கு ஐந்து இடத்தில் வேலை கேட்டாக வேண்டும். கேட்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும், வேலையில் அடிபட்டதற்காக வரும் உதவித்தொகையை இன்சூரன்ஸ்காரன் நிறுத்திவிடுவான். ஏற்கெனவே மூன்று மாதம் நிறுத்தினான். "அந்தம்மா வீட்ல சும்மா இருக்கு, வேலையே தேடல" என்று அவனுக்குப் போன் போட்டுச் சொன்னது தேவதாஸ்.

தேவதாஸ், வீடுகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சர்ச்சில் முதல் வரிசை. ஒன்பது வருஷம் அவனிடம் உழைத்தாள். அவன் அனுப்பிய வீட்டில் நூற்றுப்பத்து கிலோ ஆளைத் தனியாகத் தூக்கியதில்தான் முதுகில் டிஸ்க் நசுங்கியது.

தேடச் சொன்னார்கள் அல்லவா? தேடினாள். தேவதாஸிடம் ஆள் எடுக்கும் இடங்களாகப் பார்த்துப் பார்த்துத் தேடினாள். ஏழு வாரத்தில் இது முப்பத்தைந்தாவது கதவு. எல்லா விண்ணப்பத்திலும் 'முந்தைய வேலையை விட்ட காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய் எழுதவில்லை. தூக்கும் மெஷின் மூன்று வாரமாக ரிப்பேர். கையால் தூக்கச் சொன்னார் முதலாளி.

மானேஜர் ஹம்சா அந்தக் கட்டத்தை இரண்டு முறை படித்தாள். கோயம்புத்தூர்க்காரி. பேனாவை எடுத்தபோது கதவு படாரென்று திறந்தது.

"அக்கா! உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? என் கிளையன்ட் வாசல் ஒண்ணு விடாம ஏறி இறங்குறீங்க!" தேவதாஸுக்கு மூச்சு வாங்கியது. வெளியே அவள் காரைப் பார்த்திருக்கிறான்.

"வேலை தேடுறேன் தம்பி." ஒன்பது வருஷம் 'சார்' ஆக இருந்தவன், முதுகு உடைந்த அன்றே தம்பியாகிவிட்டான். "நான் தேடலன்னு நீங்கதானே அவ்ளோ வருத்தப்பட்டீங்க?"

"போதும், நிறுத்துங்க. இன்சூரன்ஸ்ல நானே பேசி சரி பண்றேன்."

"எப்படி நிறுத்துறது? வாரத்துக்கு அஞ்சுன்னு ரூல் இருக்கே. ஆமா, பதினோரு இடத்துல உங்க ஆளுங்கள திருப்பி அனுப்பிட்டாங்களாமே? வாங்களேன், ரெண்டு பேருமா சேர்ந்து தேடுவோம்."

ஹம்சா இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேவதாஸ் அவள் பக்கம் திரும்பினான். "மேடம், கையெழுத்து போடாதீங்க. இது வேலை தேடுறது இல்ல, பழிவாங்குறது. மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு, இவங்களுக்குத்தான் சோம்பேறித்தனம். டவுட்னா இப்பவே என் ஆபீஸுக்கு கால் பண்ணுங்க. ரெக்கார்ட் எல்லாம் பக்கா. ஆபீஸப் பாக்குறது என் வைஃப்தான்."

ஹம்சாவின் பேனா மூடிக்குள் போனது. மணி நாலு ஐம்பத்து நாலு. இந்தக் கையெழுத்து இல்லையென்றால் ஏழு வாரமும் வீண். ஜெயகுமாரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஹம்சா ஏஜென்சிக்கு டயல் செய்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ரெபெக்கா பேசுறேன்."

ஹம்சா விஷயத்தைச் சொல்லிக் கேட்டாள். தேவதாஸ் சிரித்துக்கொண்டே கையைக் கட்டிக்கொண்டான்.

"மெஷின் ரிப்பேர்னு அக்கா ரெண்டு தடவை எழுதிக் குடுத்தாங்க மேடம்," என்றாள் ரெபெக்கா நிதானமாக. "கிழிச்சுப் போடச் சொன்னாரு. நான் கிழிக்கல."

"ஏய்! நான் இங்கதான் நிக்கிறேன்!"

"நல்லதாப் போச்சு. நீங்களும் கேட்டுக்குங்க."

ஹம்சா மூடியைக் கழற்றினாள். கையெழுத்து விழுந்தது.

"உனக்கு என்னடி ஆச்சு? என் வயித்துல நீயே அடிக்கிறியா?" தேவதாஸின் குரல் கீச்சிட்டது.

"கிளையன்ட் லிஸ்ட் எப்படி வெளிய போச்சுன்னு ஆபீஸ்ல ஒவ்வொருத்தரையா நிக்க வச்சு திட்டுனீங்களே," என்றாள் ரெபெக்கா. "என்னை மட்டும் கேக்கவே இல்ல. பிரின்ட் எடுத்து, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும், உங்க முதுகுக்குப் பின்னாலயே நின்னு அக்கா கையில குடுத்தது நான்தான்."