வாய் கட்டாத உமல்

உமலில் பட்ட கையை உடனே இழுத்துக்கொண்டேன். ஓலை ஈரமாக இருந்தது. வெளியே தென்மேற்குச் சோளகக் காற்று மணலை அள்ளிக் கூரைத் தகரத்தில் எறிந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றில், காலையில் தண்ணீர் தெளித்து வைத்த ஓலைகூட மத்தியானத்துக்குள் முறுகி வெடித்துவிடும். இந்த உமலோ கதவு நிலைக்குப் பக்கத்து ஆணியில் ஒரு வருசமாகத் தொங்குகிறது, என் தம்பி லோறன்ஸ் கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து. பழுத்துக் காய்ந்திருக்க வேண்டியது, நேற்று வெட்டிய குருத்தைப்போல வெளிறிக் கிடந்தது. விரலை மோந்து பார்த்தேன். உப்பு மணம்.

"இதுக்கு ஏன் தண்ணி தெளிக்கிறாய்?"

"நான் தெளிக்கேல்லை மச்சாள்" என்றாள் றஞ்சிதா, அடுப்படியில் இருந்தபடியே. லோறன்ஸின் மனைவி. மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் வந்த காரியம் அவளுக்குத் தெரியும், அதனால்தான் திரும்பவில்லை.

உமல் என்றால் எங்கள் தலைமன்னார்ப் பக்கத்து மீன்காரர் கடலுக்குக் கொண்டுபோகும் பனையோலைப் பை. வெற்றிலை, பீடி, கறிக்கு எடுத்த மீன் எல்லாம் அதற்குள்தான். நான் வேலை செய்யும், பனையோலை இழைக்கிற பன்னவேலை நிலையத்தில் இப்போது அதையே சாயம் போட்டு, கைபிடி வைத்து, கொழும்புப் பெண்பிள்ளைகள் தோளில் மாட்ட அனுப்புகிறோம். ஓடர் வந்து குவிகிறது, இழைத்து மாளவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் இந்தக் கைவேலைக்கு என்ன சரித்திரம் என்று கேட்பார்கள். போத்துக்கீசன் வந்து இறங்கியபோது அவனுக்கு மீன் விற்றவனுடைய கையிலும் உமல்தான் இருந்தது என்று நான் வாய்க்கு வந்ததை அடித்துவிடுவேன். அவர்களும் எழுதிக்கொண்டு போவார்கள். ஆனால் வாய் கட்டுகிற கதையை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. அது சந்தைக்கு உரியது இல்லை.

கதை இதுதான். வீட்டு ஆம்பிளை கடலில் நிற்கும்போது அவனுக்கென்று இழைக்கிற உமலின் வாயைக் கட்டக் கூடாது. ஓலை நுனிகளை மேலே விரித்தபடி விட்டுவிட வேண்டும். அவன் கரைக்கு வந்து தேத்தண்ணி குடித்த பிறகுதான் மடித்துக் கட்டுவது. ஆள் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை என்றால், வாயைக் கட்டி, பூசை ஒப்புக்கொடுத்து, அந்த உமலைச் சேமக்காலையில் புதைப்போம். லோறன்ஸின் போட் கடல் நடுவில் ஒரு மணல்தீடையில் ஏறிக் கிடந்தது. வலை இருந்தது, சோற்றுப் பாத்திரம் இருந்தது. அவன் மட்டும் இல்லை.

"பாதரிட்டச் சொல்லியாச்சு றஞ்சி. சனிக்கிழமை காலமைப் பூசை" என்றேன்.

"வாய் கட்டேலாது மச்சாள்."

"ஏன் கட்டேலாது?"

அவள் சட்டியை இறக்கிவிட்டு வந்து, உமலைத் தொடாமல், கையை மட்டும் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். "அவர் போகேக்க நான் ஒரு சாண் உயரத்தில விட்டனான். நீங்களும் பாத்தனீங்கள். இப்ப பாருங்கோ."

உமலின் இழைப்பு அதைவிட நான்கு விரல் உயர்ந்திருந்தது. விரிந்து நின்ற ஓலை நுனிகள் அந்த அளவுக்குக் குட்டையாகியிருந்தன.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவளே இருந்து இழைத்துவிட்டு இப்படிக் கதை விடுகிறாள் என்று நினைத்தேன். பாவம், தலை கலங்கிவிட்டது என்றும் நினைத்தேன். என் தம்பி பூசையும் இல்லாமல் குழியும் இல்லாமல் கடலுக்கும் கரைக்கும் நடுவில் நிற்கிறானே என்ற நினைப்பு ஒரு வருசமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. இவள் ஆணியைப் பார்த்துக்கொண்டே கிழவியாகிவிடுவாள் என்ற பயம் வேறு. என் வாய் சும்மா இருக்குமா, எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அழவும் இல்லை.

"அப்ப நீங்களே கொண்டுபோங்கோ" என்றாள் கடைசியில். "உங்கட அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ. சனிக்கிழமை வரைக்கும் வளராட்டி, நானே என்ர கையால வாயைக் கட்டிப் பூசைக்குக் கொண்டாறன். வளந்தா, இனி அந்தக் கதை கதைக்காதேங்கோ."

சரி என்றேன். ஈர உமலை ஒரு சீலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். திறப்பைச் செபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். என் வீட்டில் நான் தனி ஆள். வேறு கை படுவதற்கு வழியே இல்லை.

அந்தக் கிழமை முழுக்க நிலையத்தில் என் கை ஓடவில்லை. பழைய காலம்தான் ஓடியது. தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து நாங்கள் இந்தியாவுக்கு ஓடி மண்டபம் முகாமில் கிடந்தபோது, அம்மா ஓலை வாங்கிப் பாய் இழைத்தா. ஒரு தலைப்பில் நான், எதிர்த் தலைப்பில் லோறன்ஸ். ஆம்பிளைப் பிள்ளைக்குப் பன்னவேலை என்ன வேலை என்று முகாமே சிரித்தது, அவன் கணக்கெடுக்கவில்லை. அவன் இடக்கைக்காரன். எங்கள் கையில் வலப்பக்கம் சாயும் வரி அவன் கையில் இடப்பக்கம் சாயும். இரண்டும் நடுவில் சேருமிடத்தில் பாய் முகத்தைச் சுளிக்கும். அதை யார் வாங்குவார்கள், அம்மா எங்களுக்கே படுக்க விரித்துவிட்டா. நான் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓலையை இரண்டு தரம் வெடுக்கென்று இழுப்பான். கெதியா, சீக்கிரம் இழை என்று அர்த்தம். வாய் திறந்து சொல்ல மாட்டான்.

சனிக்கிழமை விடிந்து வெயில் ஏறியதும் வெள்ளைச் சீலை எடுப்பதற்காக அலுமாரியைத் திறந்தேன். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை ஈரம் இறங்கியிருந்தது. சீலைகளின் மடிப்புக்குள் மணல். உமல் வளர்ந்திருந்தது. வாய் கட்டுவதற்கு மட்டும் ஓலை மிச்சமிருந்தது.

அன்று கோபத்தில் வரிகளைப் பார்க்கவில்லை, இப்போது யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். கீழே ஒரு சாண் உயரத்துக்கு றஞ்சிதாவின் கை, வரிகள் வலப்பக்கம் சாய்ந்து ஒழுங்காகப் போயின. அதற்கு மேலே உமல் முகத்தைச் சுளித்தது. அங்கிருந்து எல்லா வரியும் இடப்பக்கம்.

நிலத்தில் இருந்துவிட்டேன். ஆனால் பூசைக்கு முதல் மணி அடித்துவிட்டது, பாதர் வந்திருப்பார், சேமக்காலையில் குழி வெட்டியாயிற்று. இப்போதே வாயைக் கட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, சீலையில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிடலாம், என் தம்பிக்கும் ஆறுதல், அவளுக்கும் ஒரு முடிவு. அப்படித்தான் நினைத்தேன். உமலை மடியில் வைத்து, முதல் நுனியை எடுத்து மடித்து, பக்கத்து வரிக்குள் செருகி இழுத்தேன்.

ஓலை வரவில்லை. சிக்கியிருக்கும் என்று இன்னும் கொஞ்சம் இழுத்தேன். பாய் இழைக்கிறவர்களுக்குத் தெரியும், சிக்கின ஓலை ஒரு மாதிரி இருக்கும், எதிர்ப்பக்கத்தில் ஆள் பிடித்திருக்கிற ஓலை வேறு மாதிரி இருக்கும். இது ஆள் பிடித்திருக்கிற ஓலை. நான் இழுப்பதை நிறுத்தினேன்.

உமலுக்குள்ளிருந்து இரண்டு தரம் வெடுக்கென்று இழுபட்டது.

"தம்பி" என்றேன்.

கெதியா என்கிறான். எதைக் கெதியாக? வாயைக் கட்டி என்னை அனுப்பிவிடு என்கிறானா, கட்டாதே, இந்தா வந்துவிட்டேன், கொஞ்சம்தான் இருக்கிறது என்கிறானா? ஒரு வருசமாகப் பூசை பூசை என்று ஊரெல்லாம் திரிந்தவள் நான். அவனைக் குழிக்குள் வைத்தால்தான் எனக்கு நித்திரை வரும் என்று சொன்னவள். இப்போது அந்த ஓலையை விட எனக்கு மனம் வரவில்லை. அவன் சாகக் கூடாது, அவ்வளவுதான். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

படலை திறந்த சத்தம் கேட்டது. றஞ்சிதா வெள்ளைச் சீலை உடுத்து, தலையில் முக்காடு போட்டு வாசலில் நின்றாள். சொன்ன சொல்லுக்கு வந்திருக்கிறாள்.

"வளந்ததோ மச்சாள்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மடியைப் பார்த்தாள். கண் அந்த இடப்பக்க வரிகளில் வந்து நின்றது. முக்காடு நழுவித் தோளில் விழுந்தது.

"கதவைச் சாத்திப்போட்டு வந்து முன்னால இரு" என்றேன்.

அவள் வந்து எனக்கு எதிரே சம்மணம் கொட்டி இருந்து, மறுபக்கத்து நுனியைப் பிடித்தாள். பிடித்ததும் அவளுக்கும் அந்தப் பிடி தெரிந்தது, விடவில்லை. கோயிலில் இரண்டாம் மணி அடித்தது. நாங்கள் இருவரும் இழுக்கவும் இல்லை, மடிக்கவும் இல்லை. எங்களுக்கு நடுவில் உமலின் வாய் திறந்தபடி இருந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் என் மடியில் சொட்டி, சீமெந்து நிலத்தில் இறங்கி, சாத்தியிருந்த கதவின் பக்கம் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.