நடு ஏணியில் நம்பிராஜன்

தாராவியில் எங்களுடையது மாடிவீடு. மாடிவீடு என்றதும் யாரும் பொறாமைப்பட வேண்டாம். கீழே ஷாகிர் பாயின் பை ஒட்டும் பட்டறை. அதன் தலையில் எங்கள் ஒற்றை அறை. ஏறி இறங்கச் சந்தில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடிக்க ஒரு நைலான் கயிறு. அலுமினியம் உருக்கிய புகை நுரையீரலில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டதால், மழைக்காலத்துக்கு முன் மேலே ஏறிய அப்பா நம்பிராஜன் பிறகு இறங்கவேயில்லை.

அவருடைய லட்சியம் சிறியது. சந்து முனைப் பொதுக் கழிப்பறைக்குத் தானே போய்வர வேண்டும். சேலைத் திரைக்குப் பின்னாலிருந்து அம்மா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதெல்லாம் அவர் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

மூச்சுப் பயிற்சி சொல்லித்தர வந்த சாதனா மேடம், ஏணி ஏறியதும் முதலில் தன் மூச்சைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தார். மூக்கைக் கிளிப்பால் அடைத்து, குழாயைக் கவ்வி, மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். உள்ளிருக்கும் ஸ்பிரிங் இழுக்க விடாது. மூச்சுத் தசைக்கு அது தண்டால். பழகப் பழகக் குழாயின் திருகைக் கொஞ்சம் இறுக்க வேண்டும்.

அப்பா இறுக்கினார். கண் பிதுங்க இழுத்தார். மறுநாளே சுலபமாக இருந்தது. மறுபடி இறுக்கினார், மறுபடி சுலபம். திருகிலிருந்த பொடி எண்கள் அவர் கண்ணுக்குத் தெரியாது.

"ஏலே, தசை ஏறிட்டு. நாயித்துக்கிழம நானே சண்டாஸுக்குப் போறேன். ஒரு பய கையப் புடிக்கப்பிடாது" என்றார்.

ஞாயிறு இறங்கினார். இறங்குவதற்குப் புவியீர்ப்பு ஒத்துழைத்தது. கழிப்பறை வரிசை வழிவிட, அரசு விருந்தினர் போல உள்ளே போய்வந்தார். திரும்பி ஏறும்போது பாதி ஏணியில் மூச்சு தீர்ந்தது.

மேலே வாசலில் அம்மா மாரீஸ்வரி உட்கார்ந்துவிட்டாள்.

"எந் தப்புதாங்க. நீங்க கண்ணு பிதுங்க இழுக்கதப் பாக்க முடியல. குழாயக் கழுவும்போதெல்லாம் நாந்தான் திருகத் தளத்தி வச்சேன்."

அம்மாவை அப்பா காரணமில்லாமல் நிறையத் திட்டியிருக்கிறார். முதன்முறையாக நியாயமான காரணம் கிடைத்தது. மூச்சு கிடைக்கவில்லை. கயிற்றில் நெற்றியைச் சாய்த்து, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார்.

ஷாகிர் பாய் வெளியே வந்து, கீழேயே இருந்துவிடும்படியும் பட்டறையில் படுக்க இடம் ஒதுக்குவதாகவும் சொன்னார். அவர் கதவைத் திறந்தபோதே பசை நெடி ஏணி ஏறியது. அப்பா இருமினார்.

"கீழ... பசை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மேல... பக்கெட்டு."

பிறகு ஒரு காலை அடுத்த படியில் வைத்தார். அம்மா நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. இன்னொரு காலுக்கான மூச்சு வர வேண்டியிருந்தது. அது வரும்வரை இறங்க வழியில்லாமல் மேலே அம்மாவும், ஏற வழியில்லாமல் கீழே நானும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.