மென்று முழுங்கிய சொல்

அவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தது யார் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. வைத்தவரைக் கண்டுபிடித்தால் ஒரு மாலை போடலாம், அவ்வளவு பொருத்தம். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் பட்டாசு. கேட்ட கருவி கைக்கு வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், வெடித்துவிடுவாள். வெடித்த சூட்டிலேயே மறந்தும்விடுவாள். திட்டு வாங்கியவர்களுக்குத்தான் மறக்காது. ஆனால் கை இருக்கிறதே, அது தங்கம். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமராவையும் கருவிகளையும் உள்ளே அனுப்பி, திரையைப் பார்த்துக்கொண்டே பித்தப்பையை எடுக்கிற வேலையில் அவளை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. இதை அவளே சொல்வாள், யாரும் கேட்காமலேயே.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு சோதனை வந்தது. தலைமை ஏற்று ஆபரேஷன் செய்கிற ஒவ்வொருவரும் தங்கள் குழுவோடு பயிற்சிக்கூடத்துக்கு வந்து, பொம்மை மேல் ஒரு முறை செய்துகாட்ட வேண்டும் என்று நிர்வாகம் சட்டம் போட்டது. குழு தேறினால் தலைமை. தேறாவிட்டால் இன்னொருவருக்குக் கீழே உதவிக்கு நிற்க வேண்டியதுதான்.

“மீனுக்கு நீச்சல் பரீட்சையா? நல்லா இருக்கு கூத்து!” என்று அவள் காரிடாரே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பயிற்சிக்கூடம் அசல் ஆபரேஷன் தியேட்டர் மாதிரியே இருந்தது. அதே விளக்கு, அதே திரை, அதே மருந்து வாடை. மேஜையில் படுத்திருந்தது ரப்பர் தோல் போர்த்திய பொம்மை. மூச்சு விடும், கண் சிமிட்டும், உள்ளே சிவப்புத் தண்ணீர் ஓடும். எல்லோரும் அதை மாமா என்றார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மைக் வைத்துக்கொண்டு மாமாவுக்குக் குரல் கொடுப்பவர் பயிற்சி டாக்டர். அவர் ஒரு பெண். அதனால் மாமா அத்தை குரலில்தான் பேசுவார். யாரும் சிரிக்கக் கூடாது.

“டாக்டர், எனக்கு ஒண்ணும் ஆயிடாதே?” என்றார் மாமா.

“ஒண்ணும் ஆகாது. பேசாம தூங்குங்க,” என்றாள் பட்டாசு.

அவளுக்கு எதிரே நின்றவன் நெட்டை. அவளிடம் அறுவை சிகிச்சை கற்கிற உதவி டாக்டர், இரட்டைக் குழந்தைகளுக்கு அப்பா, உயரத்துக்கு ஏற்றபடி மேஜையை ஏற்றினால் மற்றவர்களுக்கு எட்டாது என்று எப்போதும் கூன் போட்டே நிற்பவன். பக்கத்தில் கருவி எடுத்துக்கொடுக்கும் நர்ஸ், தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர். வேலை வெண்ணெயில் கத்தி போல் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று திரையில் ஒரு சின்ன ரத்தக் குழாய் பீறிட்டது. இது சுவருக்குப் பின்னால் இருந்தவர் வைத்த பொறி என்று அவளுக்குத் தெரியும்.

“நெட்டை, அதப் பிடி. அழுத்திப் பிடி.”

அவன் கருவியின் நுனியால் கவ்வினான். உடும்புப் பிடி. ரத்தம் நின்றது. இனி அந்த இடத்தில் ஒரு கிளிப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. அவள் கை நீட்டினாள். நர்ஸின் கையில் இருந்த கருவியில் கிளிப் சிக்கிக்கொண்டது.

“மேடம், மாட்டிக்கிச்சு... சாரி மேடம், என் தப்புதான்...”

“விடு!” என்றாள் பட்டாசு.

நெட்டை விட்டான்.

அவள் சொன்னது நர்ஸுக்கு: பரவாயில்லை, வேறு எடு என்று. கையில் ரத்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு ‘விடு’ என்றால் என்ன அர்த்தம்? திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. கேமரா குருடானது. “பிடி! பிடி!” என்று இவள் கத்த, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அவன் துழாவ, தலைமாட்டிலிருந்து ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று மயக்க டாக்டர் சொல்லச் சொல்ல, இயந்திரம் நீளமாக ஒரு சத்தம் போட்டது. மாமா போய்விட்டார்.

“நான் எப்போ உன்ன விடச் சொன்னேன்? காதுல என்ன பஞ்சா?”

நெட்டை கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பக்கத்து அறையில் நடந்ததன் வீடியோ பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பட்டாசு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க உட்கார்ந்திருந்தாள். பதிவு ஓடஓட அவள் முகம் மாறியது. ரத்த அழுத்தம் லேசாக ஏறுகிறது என்று மயக்க டாக்டர் ஆரம்பிக்கிறார், “விடு, பாத்துக்கலாம்.” நர்ஸ் ஏதோ கேட்கிறாள், “விடு விடு.” நெட்டை, “மேடம், இங்க ஒரு...” என்று வாயெடுக்கிறான், “விடு!” அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பயிற்சி டாக்டர் திரையை நிறுத்தினார். “இந்த ஒரு வார்த்தைய நீங்க மன்னிக்கறதுக்கும் வெச்சிருக்கீங்க, திட்டறதுக்கும் வெச்சிருக்கீங்க, வாய மூடுங்கறதுக்கும் வெச்சிருக்கீங்க. அவர் பாவம், அகராதியில இருக்கற அர்த்தத்த எடுத்துக்கிட்டார். அடுத்த வாரம் இதே குழுவோட இன்னொரு வாய்ப்பு இருக்கு. அதுலயும் தேறலன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டாலாவது யாராவது பாவம் என்பார்கள். பட்டாசு கெட்டதற்கு அன்று கேன்டீனில் இரண்டு மேஜை சிரித்தது.

சாயங்காலமே இன்னொரு இடி. நெட்டை பயிற்சி டாக்டரிடம், தோல் வைத்தியப் பிரிவுக்கு மாறப்போவதாகவும், அடுத்த வாரத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டானாம். அதே குழு இல்லையென்றால் பரீட்சையே இல்லை. பரீட்சை இல்லையென்றால், இத்தனை வருஷம் அவள் நின்ற இடத்தில் இனி வேறு யாரோ நிற்பார்கள். அந்த இடத்தைத் தவிர வேறெங்கே நின்றாலும் அவளுக்குத் தன்னை யாரென்றே தெரியாது.

முதலில் இந்தப் பாழாய்ப்போன வார்த்தையை ஒழித்துக்கட்டுவோம் என்று வீட்டில் ஆரம்பித்தாள். அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் குடும்பம் நடத்திப் பாருங்கள், தெரியும் சேதி! பக்கத்து வீட்டுக்காரர் வாசலை அடைத்து வண்டி நிறுத்துவதைப் பற்றிக் கணவர் ஆரம்பித்தார். வழக்கமாக ஒரே சொல்லில் முடியும் பேச்சு. அவள் வாயைத் திறந்தாள், மென்று முழுங்கினாள். அந்த வண்டியின் பூர்வோத்தரம் முழுவதையும் கேட்க வேண்டியதாயிற்று.

“உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?” என்று கணவர் பயந்துபோய்க் கேட்டார்.

அடுத்தது மகள். தட்டில் சாப்பாட்டை அளைந்துகொண்டே, “அம்மா, நான் நீச்சலுக்குப் போகல,” என்றாள்.

வார்த்தை தொண்டைவரை வந்தது. அதையும் முழுங்கினாள். “ஏன்டி கண்ணு?”

“போன மாசத்துலேருந்தே தண்ணியில இறங்கறதில்ல. ஓரமா பெஞ்சுல உக்காந்திருப்பேன். ஆழத்துல ஒரு நாள் மூச்சு முட்டிடுச்சு. உன்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன்.”

“எப்போடி சொன்ன?”

“சொன்னேன்மா. நீ ‘விடு, அப்புறம் பேசலாம்’னு சொன்ன.”

பட்டாசு நமுத்துப்போய் உட்கார்ந்தாள். வாராவாரம் குழந்தையைக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டது அவள்தான். நனையாத நீச்சல் உடையைத் துவைத்துப் போட்டதும் அவள்தான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வார்த்தையை மட்டும் ஒழித்தால் போதாது என்று அப்போதுதான் உறைத்தது. யார் வாயைத் திறந்தாலும் அதை அடைக்க அவள் கையில் ஒரு மூடி இருந்திருக்கிறது.

மறுநாள் டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில் நெட்டையைப் பிடித்தாள். அவன் தப்பிக்கப் பார்த்தான். அந்த உயரத்துக்கு எங்கே ஒளிவது?

“தப்பு என்னோடது,” என்றாள். “உன் காதுல பஞ்சு இல்ல. என் வாய்தான் சரியில்ல.”

நெட்டை டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “மேடம், அன்னிக்கு விடச் சொன்னப்போ இது தப்பாச்சேன்னு எனக்கும் தோணுச்சு. கேக்கத்தான் பயமா இருந்துச்சு. கேட்டா கத்துவீங்க. அதனால விட்டுட்டேன். அது பொம்மை. நாளைக்கு நெஜமா ஒருத்தர் படுத்திருந்தா? உங்க எதிர்ல நின்னா எனக்குப் பயம் மட்டும்தான் மேடம் கேக்குது. நான் தோலுக்கே போயிடறேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. “ஒரே ஒரு தடவ வா,” என்றாள். “உனக்கு எது தப்புன்னு தோணினாலும் ‘நிறுத்துங்க’ன்னு சொல்லு. நான் நிறுத்துவேன். நிறுத்தலேன்னா அங்கயே கழட்டிப் போட்டுட்டுப் போயிடு. நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

அவன் வந்தான். முகத்தில் நம்பிக்கை இல்லை, ஆனால் வந்தான்.

இரண்டாவது முறை மாமாவை வெட்டிக்கொண்டிருந்தபோது பட்டாசு பேசிய பேச்சைக் கேட்டால் புது மருமகள் மாதிரி இருந்தது. “நர்ஸ், பரவால்ல, அடுத்தத எடும்மா.” “நெட்டை, நீ பிடிச்சுக்கிட்டே இரு.” ஒவ்வொன்றுக்கும் ஆள், ஒவ்வொன்றுக்கும் வேலை. பித்தப்பையின் குழாயில் கிளிப் போட்டாயிற்று. கத்தரிக்கோலை நீட்டினாள்.

“நிறுத்துங்க,” என்றான் நெட்டை. குரல் கம்மியது.

அவள் கை நின்றது. உள்ளே எரிமலை. வெளியே மூச்சு. “சொல்லு.”

“இது பித்தப்பையோட குழாய்தானா? கல்லீரல்லேருந்து வர்ற பெரிய குழாயோன்னு...”

“பாக்கலாம்.” கேமராவைத் திருப்பச் சொல்லி, குழாயைத் தொடக்கத்திலிருந்து தொட்டுக் காட்டினாள். அது சரியான குழாய்தான். அவன் சந்தேகம்தான் தப்பு.

“சாரி மேடம்.”

பழைய பதில் நாக்கு நுனியில் துடித்தது. “மறுபடி சந்தேகம் வந்தா மறுபடி சொல்லு,” என்றாள். அதன்பிறகு அவன் கூன் கொஞ்சம் நிமிர்ந்தது. பொறியாக வைத்த ரத்தக் குழாய் பீறிட்டபோது அவள் கேட்பதற்கு முன்பே பிடித்துவிட்டு, “பிடிச்சிருக்கேன் மேடம். நீங்க பேர் சொல்லிச் சொன்னாத்தான் எடுப்பேன்,” என்றான். மாமா பிழைத்தார். கண் விழித்து அத்தை குரலில் நன்றியும் சொன்னார். இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள், யாரும் தடுக்கவில்லை.

“தேறிட்டீங்க,” என்றார் பயிற்சி டாக்டர். “மாமா பிழைச்சதுக்காக இல்ல. அவர் தப்பா நிறுத்தச் சொன்னப்போ நீங்க நிறுத்தினீங்களே, அதுக்கு.”

தோல் வைத்தியப் பேச்சை நெட்டை அதன்பிறகு எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்து மேஜையில் படுத்தது ரப்பர் அல்ல. கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிற அம்மாள் ஒருத்தி. பித்தப்பை வீங்கி, சுற்றியிருந்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பட்டாசு பொறுமையாகப் பிரித்தாள். குழாய் தெரிந்தது. கத்தரிக்கோலை வாங்கினாள்.

“நிறுத்துங்க மேடம்,” என்றான் நெட்டை.

அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. இந்தக் குழாயை அவள் எத்தனை வயிற்றில் பார்த்திருக்கிறாள்! இருந்தாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். கத்தரிக்கோலை வெளியே எடுத்துவிட்டு, கேமராவை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னாள். ஒட்டியிருந்த சவ்வை இன்னும் கொஞ்சம் விலக்கினாள்.

அது பித்தப்பையின் குழாய் இல்லை. கல்லீரலிலிருந்து வருகிற பெரிய குழாய், வீக்கத்தில் மேலே இழுபட்டு இடம் மாறி நின்றது. வெட்டியிருந்தால் அந்த அம்மாளின் மீதி ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரி வாசலில்தான். யானைக்கும் அடி சறுக்கும். அன்று சறுக்க இருந்தது இவளுக்கு. “எனக்கு ஒரு நிமிஷம் குடுங்க,” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, நின்றபடியே மூச்சு வாங்கினாள். பிறகு சரியான குழாயைத் தேடிப்பிடித்து, நெட்டையைக் கேட்டு, அவன் சரி என்ற பிறகு வெட்டினாள்.

மறுநாள் காலையில் இருவரும் வார்டுக்குப் போனார்கள். தையற்கார அம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுதா டாக்டர்?”

பட்டாசு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “நல்லபடியா முடிஞ்சுதும்மா. ஆனா ஒரு இடத்துல நான் தப்பான குழாய வெட்டப் போனேன். இவர் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.”

அந்த அம்மாள் இவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். வயிற்றின்மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். வார்டில் யாரோ இருமினார்கள். பட்டாசு தலை குனிந்து காத்திருந்தாள்.

“துணின்னா ஒட்டுப் போட்டாவது சமாளிக்கலாம்,” என்றாள் அந்த அம்மாள் கடைசியில். “நல்ல வேளை, பக்கத்துல ஆள் இருந்துச்சு.” பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நேத்துலேருந்து பட்டினி. ஒரு வாய் காபி குடிக்கலாமா?” என்றாள்.

“தாராளமா குடிங்க,” என்றான் நெட்டை, மேடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.