தாலிக்கு முன்னால் ஒரு தேதி

ராஜேஷ்குமார் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது மணி பதினொன்றரை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பையன் ஷிப்ட் நடுவில் ஆபீசுக்குள் வந்தால், கிடங்கில் யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். நான் பதறி எழுந்தேன். அவன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“அக்கா, ஜி.எல். ரிஜெக்ட் ஆயிடுச்சு. நாளைக்குக் காலையில மாதவிக்கு ஆப்பரேஷன்க்கா.”

ஜி.எல். என்பது காப்புறுதிக் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் உத்தரவாதக் கடிதம். அது வந்தால்தான் தனியார் ஆஸ்பத்திரியில் ஆளை உள்ளே எடுப்பார்கள். வராவிட்டால் முன்பணம் கட்டச் சொல்வார்கள். அவன் ஒரு வருஷம் ஓவர்டைம் பார்த்தாலும் அந்தப் பணம் சேராது.

மாதவி அவன் பெண்டாட்டி. தாலி கட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை. சினைப்பையில் கட்டி. ஆரஞ்சுப் பழம் அளவு இருக்கிறது, முறுக்கிக்கொண்டால் சினைப்பையையே எடுக்க வேண்டிவரும், தள்ளிப்போடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு மே மாதம் தேதி கொடுத்தார்கள். இப்போது நடப்பது பிப்ரவரி.

“இரு, உட்காரு. மொதல்ல மூச்ச விடு” என்றேன். அவன் உட்காரவில்லை.

எங்கள் கம்பெனிக்கு மூன்று இடம். பங்சாரில் தலைமை ஆபீஸ், ரவாங்கில் தொழிற்சாலை, கிள்ளானில் நான் ஆட்களைச் சேர்க்கும் வேலை பார்க்கிற இந்தக் கிடங்கு. வேலைக்குச் சேரும்போது ஒவ்வொருவரும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: குடும்பத்துக்கும் சேர்த்து ஆஸ்பத்திரி கார்டு, அல்லது தனக்கு மட்டும் கார்டும் கையில் கொஞ்சம் அலவன்ஸும். பங்சாரில் அத்தனை பேரும் குடும்ப கார்டு. ரவாங்கில் பாதிக்குப் பாதி. எங்கள் கிள்ளானில், என்னை விட்டால், அறுபத்து நான்கு பேரில் ஒன்பதே பேர். மீதி எல்லாரும், “எனக்கென்னக்கா வரப்போவுது, அலவன்ஸ் போடுங்க லா” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இதைவிடவும் குறைவாக இருந்த காலத்தில் தலைமை ஆபீசில் இதை ஒரு கலர் படமாகப் போட்டுக் காட்டி, கிள்ளான் ஆட்களுக்கு விவரம் போதாது என்று பேசிச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு புதிதாக வருகிற ஒவ்வொருத்தனையும் பிடித்து உட்காரவைத்து, திட்டித் திட்டிக் குடும்ப கார்டு எடுக்கவைத்தேன். அப்படித் திட்டு வாங்கி எடுத்தவன்தான் இந்த ராஜேஷ்குமார்.

அவன் கைபேசியில் வந்திருந்ததைப் படித்தேன். ஆஸ்பத்திரி கேட்டதால் திருமணச் சான்றிதழை அனுப்பியிருக்கிறான். அதில் தேதி போன வருஷம் மார்ச். கல்யாணத்துக்குப் பிறகு மாதவி பெயரைச் சேர்த்தபோது எங்கள் விண்ணப்பப் பாரத்தில் நான் எழுதியிருந்தது நவம்பர். அவன் வேலைக்குச் சேர்ந்தது ஜூன். சேர்ந்தபோது ‘திருமணம் ஆகாதவர்’ என்ற கட்டத்தில் டிக். திருமணமானவர் சேரும்போதே மனைவியின் பெயரைக் கொடுக்க வேண்டும், கொடுக்கவில்லை, ஆகவே இது தவறான தகவல், மனைவிக்குக் காப்புறுதி செல்லாது. அவ்வளவுதான் விஷயம்.

“மார்ச்சுலயே ரெஜிஸ்டர் பண்ணிட்டியா?” என்று கத்தினேன். “ஏன்டா என்கிட்ட சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?”

“அரசாங்க மலிவு வீட்டுக்கு மனு போட சர்டிபிகேட் கேட்டாங்கன்னு ரெஜிஸ்டர் பண்ணோம்க்கா. ஆனா அவ அவங்க வீட்லதானே இருந்தா. நவம்பர்லதானே தாலி கட்டுனேன். நீங்களும் வந்தீங்களே.”

“சொல்லணும்ல?”

“நீங்க ‘கல்யாணம் ஆயிடுச்சா’ன்னுதானே கேட்டீங்க. ‘இல்லக்கா, நவம்பர்ல’ன்னு சொன்னேன். நீங்கதான் டிக் போட்டீங்க.”

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான். வீட்டுக்கோ எதற்கோ முதலில் ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, பெண் அவள் வீட்டுக்கும் மாப்பிள்ளை அவன் வீட்டுக்கும் போய்விடுவார்கள். ஆறேழு மாதம் கழித்துக் கோயிலில் தாலி ஏறினால்தான் கல்யாணம். அதற்கு முன்னால் யாராவது ‘உன் பெண்டாட்டி எப்படியிருக்கா’ என்று கேட்டால் பையன் வெட்கப்பட்டுச் சிரிப்பான். எனக்கும் அப்படித்தான் நடந்தது. இதெல்லாம் தெரிந்த நானே, பதினேழு வருஷமாக இந்தப் பாரத்தை நிரப்புகிற நானே, ‘ரெஜிஸ்டர் ஆச்சா’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தலைமை ஆபீசில் காப்புறுதி விஷயத்தைப் பார்ப்பவள் மெஹ்ரின். கெட்டிக்காரப் பெண். போன் போட்டேன். அவளுக்கு முதலில் புரியவே இல்லை.

“ஒருத்தருக்கு எப்படிக்கா ரெண்டு கல்யாணத் தேதி? எங்களுக்கு நிக்காஹ் அன்னைக்கே பதிவும் முடிஞ்சிருமே.”

விளக்கிச் சொன்னேன். அவள் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“லோகாக்கா, ரெண்டு வழிதான் இருக்கு. தப்பு அவரோடதுன்னா கேஸ் க்ளோஸ். பாரத்துல அவர் கையெழுத்துதான் இருக்கு, கம்பெனிக்கு ஒண்ணும் இல்ல. தப்பு கம்பெனியோடதுன்னா, பாரத்த நிரப்பினவங்க லெட்டர் எழுதணும், ஜெனரல் மேனேஜர் சைன் பண்ணணும். அப்ப பழைய தேதியிலேருந்து சேத்துக்குவாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள போனா நாளைக்குக் காலைல ஜி.எல். வர சான்ஸ் இருக்கு.”

“அப்ப எழுதறேன்.”

“அவசரப்படாதீங்க. நீங்க எழுதினா கிள்ளான் பாரம் எல்லாத்தையும் வெளிய எடுப்பாங்க. மத்த ஆளுங்களுக்கும் இதே மாதிரி இருந்தா? ஜி.எம். சும்மா விடமாட்டாரு. உங்க வீட்டுக்காரரு கார்டையும் யோசிச்சுக்கங்க.”

போனை வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வேலாயுதம் வாடகைக் கார் ஓட்டுகிறார். அவருக்கு முதலாளியும் கிடையாது, கார்டும் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தவரை என் கார்டை வைத்துத்தான் உள்ளே எடுத்தார்கள். ஸ்டென்ட், மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர், எல்லாம் என் கார்டில். என் வேலை போனால் அந்த நிமிஷமே அவர் கார்டும் செத்துவிடும். இனி எந்தக் காப்புறுதிக் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொள்ளும்?

மறைக்காமல் சொல்கிறேன், எழுதாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். பாரத்தை எடுத்து அவன் கையெழுத்தைப் பார்த்தேன். நான் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஆளா அவன், படித்துப் பார்த்துத்தானே போட்டிருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடிப்பாவி, அவன் படித்துப் பார்க்க நான் எங்கே விட்டேன்? ‘இங்க, இங்க, இங்க’ என்று விரலால் காட்டியவள் நான்தான்.

கண்ணாடிக்கு வெளியே அவன் மாதவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். “ஒண்ணும் இல்ல லா, அக்கா பாத்துக்கிட்டு இருக்காங்க. நீ நடுராத்திரியிலேருந்து எதுவும் சாப்பிடக் கூடாதுன்னாங்கல்ல, இன்னைக்கே நல்லா சாப்ட்ரு” என்றான்.

டிராயரைத் திறந்து குடும்ப கார்டு வைத்திருக்கும் மற்ற எட்டுப் பேரின் பாரங்களையும் வெளியே எடுத்துப் போட்டேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “ரெஜிஸ்டர் எப்ப பண்ணுன?” என்று கேட்டேன். மூன்று பேருக்கு இதே கதி. அதில் ஒருத்தன் மனைவி ஏழு மாதக் கர்ப்பம். ஒரு தப்பை மறைத்தால் நாளைக்கு இன்னொருத்தி ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாள்.

கடிதத்தில் நான்கு பேர் பெயரையும் எழுதினேன். ‘பதிவுத் தேதியை நான் கேட்கவில்லை. தவறு ஊழியர்களுடையதன்று, என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மணி மூன்றேகால்.

மூலப் பாரங்களோடு நேரில் வந்தால்தான் ஜி.எம். கையெழுத்து வாங்க முடியும் என்று மெஹ்ரின் செய்தி அனுப்பினாள். வேலாயுதத்துக்குப் போன் போட்டேன். பக்கத்தில் யாரையோ இறக்கிவிட்டு வந்துவிட்டார்.

“என்ன லோகா, திடீர்னு பங்சார்? ப்ரமோஷனா?”

“ஆமா, மந்திரியாக்கப் போறாங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

ஃபெடரல் ஹைவேயில் ஷா ஆலம் தாண்டியதும் கார்கள் அப்படியே நின்றுவிட்டன. மடியில் கோப்பு. நான்கு மணி. நான்கு பத்து. ராஜேஷ்குமாரிடமிருந்து இரண்டு நிமிஷத்துக்கு ஒரு செய்தி: ‘அக்கா எங்க இருக்கீங்க’, ‘அக்கா ஆஸ்பத்திரியில கேக்குறாங்க’, ‘அக்கா’. பதில் எழுத விரல் வரவில்லை.

“முகம் ஏன் இப்படி இருக்கு? பிரஷர் மாத்திரை போட்டியா?” என்று கேட்டார் வேலாயுதம். நெஞ்சில் கம்பி வைத்திருக்கும் மனுஷன் என் பிரஷரைக் கேட்கிறார். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அவர் முகத்தைப் பார்த்ததும் நான் ‘வண்டியைத் திருப்புங்க’ என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

“அந்த லோரி பின்னாலேயே ஏன் போறீங்க? இந்தப் பக்கம் ஓரமா ஏறுங்க” என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். மனுஷன் அப்படியே ஏறினார்.

நான்கு நாற்பதுக்குப் பங்சார். படியேறி ஓடினேன். ஜி.எம். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். என் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

“நாலு பேர்” என்றார்.

“ஆமா சார். மொதல்ல சைன் பண்ணுங்க. அப்புறமா என்னை என்ன வேணும்னாலும் திட்டுங்க.”

பக்கத்தில் நின்ற மெஹ்ரின் என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். “டிராயர் சாவியைக் கொடுத்துட்டுப் போங்க. திங்கட்கிழமை விளக்கம் கேட்டு ஷோ காஸ் லெட்டர் வரும்” என்றார். சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்ற வளையத்தில் நகம் நுழையவில்லை. மெஹ்ரின்தான் கழற்றிக் கொடுத்தாள்.

நான்கு ஐம்பத்து மூன்றுக்கு அவள் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து அனுப்பினாள். பிறகு தானே காப்புறுதிக் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரு தடவை இல்லை, ஐந்தாறு தடவை. ஆங்கிலத்தில் கெஞ்சினாள், மலாயில் கெஞ்சினாள். நான் அவள் மேசைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முருகா முருகா என்று பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் காலியாகிவிட்டது.

ஆறு மணி இருபது நிமிஷத்துக்கு ராஜேஷ்குமாரின் போன். எடுத்தால் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“டேய், என்னடா? சொல்லித் தொலைடா!”

“வந்துடுச்சுக்கா. ஜி.எல். வந்துடுச்சு. காலையில ஏழரைக்கு உள்ள எடுக்கறாங்க.”

மெஹ்ரினைக் கட்டிப்பிடித்து அழுதேன். வெட்கமாக இல்லை. கொஞ்ச நேரம்தான் அந்தச் சந்தோஷம். படியிறங்கினேன். கீழே காரில் ஒருத்தர் இரண்டு சவாரியை விட்டுவிட்டு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

ஏறி உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மாதவி, நான் போட்ட டிக், நான்கு பேர், சாவி, திங்கட்கிழமை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு திட்டுத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

“என்ன கேக்காம என் உசுர வச்சு எழுதிட்டல்ல” என்றார் கடைசியில்.

“ஆமாங்க.”

“கேட்டிருந்தா எழுதாதன்னு சொல்லியிருப்பேன்.”

“தெரியும். அதான் கேக்கல.”

அவர் தலையை ஆட்டினார். “அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்” என்றார். கொஞ்சம் கழித்து, “கார்டு எதுவரைக்கும் இருக்கும்?” என்று கேட்டார்.

“வேலையை விட்டு எடுக்கற வரைக்கும். ரெண்டு வாரமோ, மூணு வாரமோ. எடுக்காமலும் விடலாம்ங்க, யாருக்குத் தெரியும்?”

வண்டியைக் கிளப்பப் போனவர் நிறுத்திவிட்டுக் கைபேசியை எடுத்தார். எண்ணைத் தேடி, காதில் வைத்து, நெடுநேரம் காத்திருந்தார்.

“மிஸ், நான் வேலாயுதம் பேசறேன். ஹார்ட் பேஷண்ட். எனக்கு ஏப்ரல்ல ஃபுல் செக்கப் போட்டிருக்கீங்க. அத இந்த வாரமே மாத்த முடியுமா?” என்றார். அந்தப் பக்கம் வலி இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டிருப்பார்கள் போல.

“இல்ல மிஸ், வலியெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றார், என்னைப் பார்க்காமல். “கார்டு இருக்கும்போதே பாத்துக்கலாம்னுதான்.”