இரண்டு குடம் மஞ்சள் தண்ணீர்

பிரிக்ஃபீல்ட்சில் புஷ்பவல்லியம்மாள் வீட்டு வளவுக்குள் ஒரு மர மின்கம்பம் நின்றது. அதைச் சோதிக்க மின்சாரக் கம்பெனி அனுப்பிய ஆள் சின்னையா. சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே மரம் உளுத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவான்.

முதல் தடவை அவன் தட்டிவிட்டு வாசலைத் தாண்டுவதற்குள், அந்தம்மாள் இரண்டு குடம் மஞ்சள் தண்ணீரைக் கம்பத்தில் ஊற்றிக் கழுவினாள். “கண்ட சாதிப் பயலும் தொட்டுட்டுப் போறான்,” என்று அவன் காதுபடவே சொன்னாள்.

சின்னையா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். ஓயாத ஈரம் மரத்தை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும். அவனோ வாரம் தவறாமல் வந்தான். அவள் பார்க்கும்படி கம்பத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்துவிட்டுப் போனான். அவளும் வாரம் தவறாமல் குடம் குடமாகக் கொட்டினாள்.

நான்காம் வருடம், அவள் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வளவெங்கும் விளக்குச் சரம் தொங்கியபோது, சுத்தியல் அடிமரத்தில் பொதக்கென்று இறங்கியது. சின்னையா கம்பத்தில் சிவப்புச் சாயத்தால் குறி போட்டு, மின்சாரத்தைத் துண்டித்தான்.

“கல்யாணம் முடியட்டும்ப்பா. உனக்குப் புண்ணியமாப் போவும்,” என்றாள் அவள். அவனை ‘அப்பா’ என்றது அதுதான் முதல் தடவை.

“உளுத்த கம்பம்மா. உங்க நெலத்துல நிக்கிது, நீங்கதான் மாத்தணும்.”

“வைரம் பாஞ்ச மரமாச்சே. எப்படி உளுத்துச்சு?”

சின்னையா சுத்தியலைத் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

“நான் தொட்டதுல ஒண்ணும் ஆவலம்மா. நீங்க கழுவுனதுலதான் போச்சு.”