எட்டாம் நாள் வெயில்

"அம்மா இங்க கெடக்கறாங்க. இப்பப் போய் தக்காளி நாத்தைத் தூக்கிட்டு அலையறீங்களேப்பா!"

மகன் அழுதுகொண்டே கத்தினான். டிரைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்னறையில் பெட்டிக்குள் கிடந்த மனைவியைச் சுற்றிக்கொண்டு, இரண்டாவது நாற்றுத் தட்டையும் வாசலில் வைத்தார். இன்று எட்டாம் நாள். நான்கு மணி நேரம் நேர்வெயில்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். கைகாட்டிக்கொண்டு ஓடிவருபவர்களுக்காகக்கூட ஒரு நிமிஷம் நிறுத்தாதவர். அவசரக்குடுக்கை என்பது அவள் வைத்த பெயர். போன வருஷம் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம், ஜன்னலோரம் வளர்ந்த நாற்றுகளை வெயில் காட்டிப் பழக்காமல் நேரே பாத்தியில் நட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் அத்தனையும் வெளுத்துச் சுருண்டன. திரும்பி வந்தவள் திட்டவில்லை, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் அவரைச் சுட்டது.

இந்த வருஷம் அவள் படுத்துவிட்டாள். "பத்து நாள் பழக்கணும். மொத நாள் ஒரு மணி நேரம், அதுவும் நெழல்ல. உங்களால ஆகாது. பக்கத்து வீட்டு டெய்லர்கிட்ட குடுத்துடுங்க."

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தட்டுகளுக்குக் காவல் உட்கார்ந்தார்.

நேற்றுக் காலை ஒரு நாற்றைப் படுக்கைக்கே கொண்டுபோய்க் காட்டினார். அவள் விரலால் சுண்டினாள். தண்டு ஆடிவிட்டு நிமிர்ந்தது.

"அட, டிரைவருக்கும் பொறுமை வருதே! ஆனா பாதிதான் ஜெயிச்சிருக்கீங்க. இன்னும் மூணு நாள் இருக்கு."

மத்தியானம் போய்விட்டாள்.

வாசலில் சவ வண்டி வந்து நின்றது. "கிளம்பலாமா பெரியவரே?" என்றான் வண்டிக்காரன்.

டிரைவர் மடியிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி நேரம் ஆக இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. இரு தம்பி."

உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது காற்று ஒரு தூக்குத் தூக்கியது. பிளாஸ்டிக் நாற்காலி குப்புற விழுந்தது. தட்டுகளில் நாற்றுகள் தரையோடு தரையாகச் சாய்ந்தன. டிரைவர் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதறி எழுந்தார். காற்று ஓய்ந்ததும் குனிந்து எண்ணினார். இருபத்துநாலும் நின்றன.

"பாத்தியா!" என்று பெட்டியைப் பார்த்து உரக்கச் சொன்னார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

பத்து நிமிஷமும் முடிந்த பிறகுதான் தட்டை நிழலுக்குத் தூக்கினார். இன்னொரு தட்டை மகன் எடுத்துக்கொண்டான்.

வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பாதி தூரம் போன பிறகுதான் மடியில் கடிகாரம் இருப்பதைப் பார்த்தார்.